கரும்பலகையின் இடது மூலை

மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில்
இடது மூலை தர்ஷிகாவுடையது.
'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு
அடிக்கோடு இழுத்துப் பெயர் எழுதுவாள்.
ஜெரோம் இன்ட்டு மூன்று.
கவினேஷ் இன்ட்டு ஏழு.
கவினேஷ் இல்லாத நாளே இல்லை.
முட்டைக் கணக்கை எழுதி முடித்து நான் வரும்வரை
அந்தப் பட்டியல்தான் டீச்சர்.

முடிகொண்டான் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரம்
பட்டியலை அழித்தேன்.
"இனிமே நல்லது செஞ்சவங்க பேரை மட்டும் எழுது."
சாக்பீஸோடு நின்றாள்.
ஒரு பீரியட் முழுக்க
கண்கள் வரிசை வரிசையாகப் போய்த் திரும்பின.
"யாருமே ஒண்ணும் செய்யல டீச்சர்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது.
சத்தம் தானாக வந்து காதில் விழும்.
மற்றதைத் தேடிப் போக வேண்டும்.
பதினோரு வருஷ சர்வீஸில்
எனக்கும் அது பழக்கமில்லை.

மறுநாள் வந்தது முதல் பெயர்:
சபரீஷ், குழாயை மூடினான்.
அவ்வளவுதான்,
மதியத்துக்குள் குழாயடியில் கூட்டம்.
ஒருவன் திறப்பான், ஒருவன் மூடுவான்,
"நான்தான் மொதல்ல பாத்தேன்" என்று
மூன்றாமவன் அழுவான்.
ஜெரோம் பென்சிலைக் கீழே தவறவிட்டு
எடுத்துக் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்திருந்தான்,
ஒரு கடலை மிட்டாய்க்கு.
சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
இருக்கட்டும்,
நடித்தாவது கை பழகட்டும்.

ஆனால் கடைசி வரிசைக்கு
எதுவும் போய்ச் சேரவில்லை.
கடைமடை வயல் கதைதான்.
முறை வைத்துத் தண்ணீர் விட்டாலும்
மேலே இருப்பவன் மடையை அடைப்பதற்குள்
பொழுது சாய்ந்துவிடும்.
கவினேஷ் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.
பலகையிலிருந்து பெயர் போனதில்
அவனுக்கே கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி. மூன்றாவது நாளாக அடைமழை.
கொள்முதல் நிலையத்து மூட்டைகளின் மேல்
தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது.
லீவு விடுவார்களா என்று
பிள்ளைகளைப் போலவே நானும் காத்திருந்த காலை.
அஃப்ரின் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகவில்லை.
எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன்.
"ஏழு நாலு..."
அங்கேயே நின்றாள்.
உதடு மட்டும் அசைந்தது.

தடால்.
பின்னாலிருந்து கவினேஷின் தண்ணீர் பாட்டில்.
அவள் பாவாடை, கால், தரை, பெஞ்சுக்கடி
எல்லாம் ஒரே வெள்ளம்.
"கண்ணு எங்கடா இருக்கு உனக்கு?"
மூன்று மாதமாக விழுங்கி வைத்திருந்த குரல்
பழைய சுருதி குறையாமல் வெளியே வந்தது.
"ஸாரி டீச்சர்" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
யாரும் சொல்லாமலே சாக்குத் துணி எடுத்துவந்து
மண்டிபோட்டுத் துடைத்தான்.

சாயங்காலம் பலகையை அழிக்கப் போனேன்.
இடது மூலையில் நாலு பெயர்.
அதற்குக் கீழே ஒரு புள்ளி,
பெயரில்லாமல்.
"இது என்ன?"
தர்ஷிகா பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"சும்மா டீச்சர். அதை எழுதக் கூடாது."
வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.
"அழிச்சிடாதீங்க."

எல்லோரும் போன பிறகு
கடைசி பெஞ்சில் அவன் மறந்துவிட்டுப் போன பாட்டில்.
கையில் எடுத்தேன்.
திருகு மூடி.
இறுக்கமானது, என் கைக்கே நாலு சுற்று.
கீழே விழுந்தால் திறக்கிற ரகம் இல்லை.

ஈரம் சொட்டும் சாக்குத் துணியைப் பார்த்தேன்.
எழுந்து நின்ற அந்தச் சிறுமியின் முகம்
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது.
மன்னிப்புக் கேட்கலாம்.
கேட்டால், எதற்கு என்று
முப்பத்தொரு பேர் கேட்பார்கள்.
ரிஜிஸ்டரைத் திறந்தேன்.
"கவினேஷ்."
"உள்ளேன் டீச்சர்."
அடுத்த பெயரைச் சொல்ல
கொஞ்ச நேரம் ஆனது.